சம்ப் நட்டின் மரை போய்விட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி மழை ஓய்ந்து வெள்ளம் வடியத் தொடங்கும் தை மாதத்தில், மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும் உள்ள கராஜ்களுக்கு ஒரே விதமான முறைப்பாட்டுடன் மோட்டார் சைக்கிள்கள் வந்து சேர்கின்றன. முழங்கால் அளவு நீரில் ஓடிய வண்டியின் எஞ்சின் ஒயில் பால் தேநீர் நிறத்துக்கு மாறிவிடுகிறது; அதை ஒரே வாரத்தில் இரண்டு மூன்று தடவைகள் மாற்ற வேண்டி வருகிறது; ஒவ்வொரு தடவையும் அதே பழைய வொஷரைப் போட்டு, கசியாமல் இருக்கட்டும் என்று முன்னையதை விடச் சற்று அதிகமாக இறுக்குகிறார்கள். மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ, எஞ்சினின் அடியில் ஒயில் வடிக்கும் துவாரத்தின் மரை, அதாவது அதை மூடும் சம்ப் நட் பற்றிக்கொள்ளும் சுருள் பள்ளம், அழிந்துபோகிறது. மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் செய்து பார்த்து நம்புகின்ற பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

மரை போய்விட்டது என்பதை எப்படி உறுதியாக அறிந்துகொள்வது?

சம்ப் நட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் அதற்கு முன்னரே ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் வேலை பாதியாகக் குறையும். ஸ்பனரால் இறுக்கும்போது ஒழுங்காக இறுகிக்கொண்டு வந்த நட், கடைசி அரைச் சுற்றில் திடீரென்று வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இளகும். அந்த இளக்கத்தைக் கை உணர்ந்த கணத்திலேயே நிறுத்திவிட வேண்டும். பின்னர் நட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அதன் மரைப் பள்ளங்களுக்குள் வெள்ளிக் கம்பியொன்றைச் சுருளாகச் சுற்றி வைத்தது போன்ற ஒன்று பளபளக்கும். நகத்தால் நெம்பினால் சிறிய ஸ்பிரிங் போலக் கழன்று வரும். அது நட்டின் உலோகம் அன்று. எஞ்சின் உறையின் அலுமினியம் மரையோடு உரிந்து வந்திருக்கிறது.

அதேவேளை, எஞ்சினின் அடியில் ஒயில் துளிர்ப்பதெல்லாம் மரை போனதன் அறிகுறி அல்ல. மேலே கிளச் மூடியின் கஸ்கட்டில் கசிந்த ஒயிலும் வழிந்து வந்து இதே நட்டின் தலையில்தான் தொங்கும். ஆகவே அந்தப் பகுதியைப் பெற்றோல் தோய்த்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்து பெற்றோல் மணமும் போன பின்னர் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைச் சற்றுத் தூவி, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் கசிவு இருக்கிறது.

எதனால் இப்படி ஆகிறது?

நட் உருக்கினால் ஆனது. எஞ்சின் உறையோ வார்ப்பு அலுமினியம். இரண்டும் பலப்பரீட்சையில் இறங்கினால் தோற்பது அலுமினியமே. அதிலும் பூட்டின் பாரம் எல்லா மரைகளிலும் சமமாக ஏறுவதில்லை. தலைக்கு அண்மையிலுள்ள முதல் மரையே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தாங்குகிறது. அது விட்டுக்கொடுத்தால் பாரம் அடுத்த மரைக்குப் போகும். பின்னர் அதுவும் போகும்.

உற்பத்தியாளர்களின் கைநூல்கள் இந்த நட்டுக்குக் கேட்கும் இறுக்கம் மிகக் குறைவு. 100 முதல் 150 சிசி வரையான பெரும்பாலான வண்டிகளுக்கு அது 20 முதல் 30 நியூட்டன் மீற்றர் வரைதான். 20 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஸ்பனரின் நுனியில் 12 அல்லது 13 கிலோகிராம் பாரத்தைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு விசை அவ்வளவே. அதே ஸ்பனரில் ஒரு குழாயைச் செருகி 60 சென்ரிமீற்றராக நீட்டிவிட்டு அதே கைப்பலத்தைக் கொடுத்தால் முறுக்கு விசை மூன்று மடங்காகிவிடும். குழாய் செருகி இறுக்குகின்ற ஒருவரைக் கண்டால், அவர் எவ்வளவு மூத்த பாஸாக இருந்தாலும், மரியாதையுடன் தடுத்துவிடுங்கள்.

மற்றொரு காரணம் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு மரை மேடுகளுக்கு இடையிலான தூரம், மாறிய நட்டைப் போடுவது. 12 மில்லிமீற்றர் விட்டத்தில் 1.5 பிட்ச் உள்ள நட்டும் 1.25 பிட்ச் உள்ள நட்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். தொலைந்த நட்டுக்குப் பதிலாகப் பழைய சாமான் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போடும்போது, முதல் இரண்டு சுற்றுகள் கையாலேயே போகும். பிறகு ஸ்பனர் கேட்கும். ஸ்பனர் கேட்டவுடன் சந்தேகப்பட வேண்டும், ஏனெனில் சரியான நட் வொஷர் தொடும்வரை விரலாலேயே போக வேண்டும்.

வெள்ளை டேப் சுற்றியோ, சிலிக்கோன் அல்லது எம்-சீல் பூசியோ ஓடலாமா?

கூடாது. டேப்பும் சிலிக்கோனும் இடைவெளியை அடைக்குமே தவிர பாரத்தைத் தாங்காது. நட்டைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய மரையே இல்லாதபோது, அதிர்விலும் சூட்டிலும் அது சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே வரும். எம்-சீல் போன்ற பசைகள் ஒயில் ஊறிய அலுமினியத்தில் நம்பத்தக்கவாறு ஒட்டுவதில்லை. உதிர்ந்த சிலிக்கோன் துண்டுகள் உள்ளே போய் ஒயில் வடியை, அதாவது ஃபில்டரை, அடைத்துக்கொள்வது இன்னொரு கேடு.

இதை நான் அனுபவித்துத்தான் எழுதுகிறேன். பல வருடங்களுக்கு முன்னர் ஒரு கராஜில் ஒயில் மாற்றிக்கொண்டு வந்தேன். மரை போனதை அங்கிருந்தவர் என்னிடம் சொல்லாமல், டேப் சுற்றிப் பூட்டி அனுப்பியிருந்தார். மூன்றாம் நாள் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போகும் வழியில், ஆரையம்பதியைத் தாண்டியபோது, பின் சில்லு வழுக்குவது போலிருந்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். நட் இருந்த இடத்தில் வெறும் துவாரம் இருந்தது. பின் டயரின் இடது பக்கம் முழுவதும் கறுப்பு ஒயில் பளபளத்தது. அன்று வளைவில் விழாமல் தப்பியது நல்ல காலம். எஞ்சின் தப்பவில்லை. தலைப்பகுதியில் கெம் தண்டு அலுமினியத்தின் மேலேயே நேரடியாகச் சுழலும் அமைப்பு அது. ஒயில் வற்றினால் முதலில் உராய்வது அந்த இடந்தான்.

இத்தகைய எஞ்சின்களில் மொத்த ஒயிலே ஏறத்தாழ ஒரு லீற்றர் அளவுதான். கார் எஞ்சினைப் போலக் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்று விட்டுவைக்க இங்கே கையிருப்பு இல்லை. ஆகவே மரை போன வண்டியை லேத் பட்டறைக்கு ஓட்டிச் செல்லாதீர்கள். பட்டா எனப்படும் சிறிய லொறியில் ஏற்றிச் செல்லுங்கள்.

எஞ்சின் உறையையே புதிதாக மாற்றிவிடுவது நல்லதல்லவா?

பெரும்பாலும் தேவையில்லை. அதற்காக எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும். மேலும் எஞ்சின் இலக்கம் அந்த உறையில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. உறை மாறினால் பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்துடன் அது பொருந்தாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்திக்கொள்ளும் அலைச்சலும் சேர்ந்துகொள்ளும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஏறத்தாழ ஐந்து வருடங்கள் அந்நிலை நீடித்ததால், நம் வீடுகளில் ஓடுபவற்றில் பல வயதான வண்டிகள். அவற்றின் உறையைக் காப்பாற்றுவதே புத்தி. ஒழுங்காகப் போட்ட உருக்கு மரை, கம்பனியிலிருந்து வந்த அலுமினிய மரையை விட உறுதியாகவே நிற்கும்.

என்னென்ன வழிகளில் திருத்தலாம்? எதைத் தெரிவு செய்வது?

மரை சற்றே நசுங்கியிருந்தால், அதே அளவுள்ள மரை வெட்டும் டேப்பைக் கையால் மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்து, புதிய நட்டும் புதிய வொஷரும் போட்டாலே போதும். முழுவதும் போயிருந்தால் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, துவாரத்தைப் பெரிதாக்கிப் பெரிய நட் போடுவது. 12 மில்லிமீற்றர் துவாரத்தை 14 ஆக்குவதே வழக்கம். நமது லேத் பட்டறைகளில் ஸ்பார்க் பிளக்குக்குரிய மரை வெட்டும் டேப், அதாவது 14 மில்லிமீற்றர் விட்டமும் 1.25 பிட்சும் உள்ளது, எப்போதும் கையிருப்பில் இருக்கும். அதனால் அதையே அடித்துத் தருவார்கள். அது தவறான வேலை அல்ல. துவாரத்தைச் சுற்றியுள்ள அலுமினியச் சுவர் தடிப்பாக இருந்தால் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் மரை மீண்டும் அலுமினியத்திலேயே இருப்பதால் அடுத்த தடவையும் அதே விதி காத்திருக்கிறது. அதற்குப் பின்னர் பெரிதாக்க இடம் இராது. நட் தொலைந்தால் கடையில் அப்படியே வாங்கவும் முடியாது.

இரண்டாவது, ஹெலிகாயில் எனப்படும் உருக்குக் கம்பிச் சுருள். துவாரத்தில் சற்றுப் பெரிய மரை வெட்டி, அதற்குள் இந்தச் சுருளை இறக்கினால், அதன் உட்பக்கம் பழைய அளவிலேயே புதிய மரையாகிவிடும்; கம்பனி நட்டையே மீண்டும் போடலாம். 12 மில்லிமீற்றர் மரைக்கு வெளிப்புறம் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர்தான் தேவைப்படுவதால், சுவர் மெல்லிய வண்டிகளுக்கு நான் இதையே சொல்வேன்.

மூன்றாவது, புஷ் அடிப்பது. உள்ளும் புறமும் மரையுள்ள உருக்குக் குழலொன்றை லேத்தில் கடைந்து, மேல் விளிம்பு வைத்து இறுக்குவது. சுவரில் தாராளமாக அலுமினியம் இருந்தால் இதைப் போன்ற நிரந்தரமான வேலை வேறில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சூடேறும்போது அலுமினியம் உருக்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. ஆகையால் சூடான எஞ்சினில் புஷ்ஷின் பிடி தளரும். அடுத்த ஒயில் மாற்றத்தில் நட்டுடன் புஷ்ஷும் சேர்ந்து கழன்று வரும். அதைத் தடுக்க, இரு மரைகளையும் தின்னரால் ஒயில் பசையறத் துடைத்து, சூடு தாங்கும் மரைப் பசையிட்டு இறக்கி, ஓர் இரவு உலரவிட வேண்டும். பட்டறையில் இதைக் கேட்டுச் செய்வியுங்கள், அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

நட்டின் அளவை வீட்டிலேயே அறிய முடியுமா?

முடியும். நட்டின் மரையில் பாடசாலை அடிமட்டத்தை நீளவாக்கில் வைத்து, ஒரு மேட்டிலிருந்து பத்தாவது மேடு வரை அளந்து பாருங்கள். முதல் மேட்டைச் சுழியம் என்று எண்ண வேண்டும். 15 மில்லிமீற்றர் வந்தால் பிட்ச் 1.5, பன்னிரண்டரை வந்தால் 1.25. மரை குட்டையாக இருந்தால் ஐந்து மேடுகளை அளந்து இரட்டிப்பாக்கலாம். ஸ்பனரின் அளவை நட்டின் அளவென்று கடையில் சொல்லாதீர்கள். 17 ஸ்பனர் பிடிக்கும் நட்டின் மரை 12 ஆக இருப்பது சாதாரணம்.

ஹெலிகாயில் போடும் வேலையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்தே வேலை செய்யுங்கள். கைக்கு வசதியாக இருக்கும் என்று வண்டியைப் படுக்கவைப்பவர்கள் உண்டு. அப்போது அலுமினியத் துருவல் உள்ளே விழும். நிமிர்ந்து நிற்கும் வண்டியில் அது உங்கள் கையில் விழும். குனிந்து, மல்லாந்து செய்யும் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

ஒயிலை முழுவதும் வடித்த பின்னர், ஹெலிகாயில் பெட்டியுடன் வரும் ட்ரில் அலகையே பாவிக்க வேண்டும். 12 × 1.5 அளவுக்கு அது 12.4 மில்லிமீற்றரை ஒட்டியிருக்கும். அலகில் கிறீஸ் பூசி, குறைந்த வேகத்தில், உள்ளேயுள்ள பாகங்களைத் தொடாத ஆழத்துக்கு அலகில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு துளையுங்கள். பிறகு மரை வெட்டும் டேப்பின் பள்ளங்கள் நிறையக் கிறீஸை அப்புங்கள். இந்தக் கிறீஸ்தான் துருவலைப் பிடித்து வைத்திருக்கும் வலை. அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போய், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை டேப்பை முழுவதும் வெளியே எடுத்துத் துடைத்து, மீண்டும் கிறீஸ் வைக்க வேண்டும். வெட்டத் தொடங்கும் முதல் இரண்டு சுற்றுகளில், ஒரு சிறிய மூலைமட்டத்தை இரு திசைகளிலும் வைத்துச் செங்குத்தைச் சரிபாருங்கள். சாய்ந்து வெட்டிய மரையில் நட்டின் தலை ஒரு பக்கம் மட்டுமே அழுத்தும். எந்த வொஷரும் அந்தக் கசிவை நிறுத்தாது.

சுருளின் நீளம் துவாரத்தின் ஆழத்தை விடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அதைச் செருகியில் மாட்டி, அழுத்தாமல் சுற்றிச் சுற்றி இறக்கி, முதல் சுற்று உறையின் முகத்தை விட அரை மரை முதல் ஒரு மரை வரை உள்ளே அமையும்போது நிறுத்துங்கள். இனி மிக ஆபத்தான இடம்: சுருளின் உள் நுனியிலுள்ள வால். சாதாரணமாக அதை ஆணியால் தட்டி ஒடிப்பார்கள். இங்கே அப்படித் தட்டினால் ஒடிந்த உருக்குத் துண்டு எஞ்சினுக்குள் போய்விடும். நீள்மூக்குக் குறட்டால் வாலை இறுகப் பிடித்து, முன்னும் பின்னும் வளைத்து ஒடித்து, அந்தத் துண்டு குறட்டிலேயே இருப்பதைக் கண்ணால் கண்ட பின்பே கையை எடுங்கள்.

உள்ளே போன துருவலை எப்படி அகற்றுவது?

எனக்கு இந்த வேலையிலேயே மிகுந்த கவலை தருவது இதுதான், ஏனெனில் கசிவு வெளியே தெரியும், துருவல் தெரியாது. காந்தத்தை விட்டுப் பார்ப்பது பயனற்றது, அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. கொம்பிரசர் காற்றைக் கீழிருந்து அடிப்பதோ துருவலை மேலே ஏற்றிவிடும் பாதகம்.

சம்ப் நட்டைத் திறந்தபடியே வைத்து, கீழே ஒரு தட்டில் வெள்ளைச் சாரத்துண்டை விரித்து, மேல் மூடி வழியாக மலிவான ஒயிலை அரை லீற்றர் அளவில் மெதுவாக ஊற்றுங்கள். துணியை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மீன் செதில் போல மினுங்கும். மினுக்கம் முற்றாக நிற்கும் வரை மீண்டும் மீண்டும் ஊற்ற வேண்டும்; எஞ்சினை இயக்கக் கூடாது. பின்னர் ஒயில் வடியைக் கழற்றிக் கழுவுங்கள். காகித வடியாயின் புதிதாகப் போடுங்கள். புதிய ஒயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே அதையும் வடித்துவிட்டு, மறுபடி புதிய ஒயில் ஊற்றுங்கள். இரண்டு லீற்றர் ஒயில் வீண் என்று சிலர் தயங்குகிறார்கள். ஒயில் பம்பும் பெயாரிங்கும் அதை விடப் பன்மடங்கு விலை.

வடித்த ஒயிலை வளவில் ஊற்றாதீர்கள். எழுவான்கரையில் மணலுக்குச் சற்றுக் கீழேயே கிணற்று நீர் இருக்கிறது.

இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ஸ்பனர் இல்லாமல் சரியாக இறுக்குவது எப்படி?

மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் கொளுக்கித் தராசு போதும். நட்டின் நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றர் தூரத்தில் ஸ்பனரில் ஒரு கயிற்றுத் தடத்தைப் போட்டு, தராசுக் கொளுக்கியை அதில் மாட்டி, ஸ்பனருக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு பன்னிரண்டரை கிலோ காட்டும்போது முறுக்கு விசை ஏறத்தாழ 25 நியூட்டன் மீற்றர். உங்கள் வண்டியின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இதை இரண்டு மூன்று தடவைகள் செய்தால் கைக்கே பழகிவிடும்.

வொஷரை ஒவ்வொரு தடவையும் மாற்றத்தான் வேண்டுமா?

அலுமினிய வொஷரை ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். அது நசுங்கி இடைவெளியை நிரப்புவதற்காகவே செய்யப்பட்டது. ஒரு தடவை நசுங்கியது மறுபடி நசுங்காது, அதனால்தான் கசிகிறது, அதனால்தான் மேலும் இறுக்குகிறார்கள். செப்பு வொஷராயின் குறட்டில் பிடித்து அடுப்பில் செந்நிறம் வரும்வரை சூடாக்கி நீரில் போட்டால் மீண்டும் மென்மையாகிவிடும். ஹெலிகாயில் போட்ட துவாரத்துக்கு, சுருளின் வெளி விளிம்பையும் மூடித் தாண்டும் அகலமான வொஷரைத் தெரிவு செய்யுங்கள். இல்லையேல் ஒயில் சுருளின் பின்புறமாக ஊர்ந்து வெளியே வரும்.

ஸ்கூட்டருக்கும் இதே முறையா?

எஞ்சின் ஒயில் நட்டுக்கு இதேதான். பின் சில்லின் அருகே கியர் ஒயிலுக்கென்று இருக்கும் சிறிய ஆணி பெரும்பாலும் 8 மில்லிமீற்றர் அளவுடையது. அதற்கு மேலே சொன்ன விசையைக் கொடுத்தால் மரை போய்விடும். கைநூலில் அதன் அளவைத் தனியாகப் பாருங்கள்.

உறையில் வெடிப்பும் இருந்தால்?

அப்போது புஷ்ஷோ சுருளோ உதவாது. ஆகன் வெல்டிங்தான் வழி. ஒயில் ஊறிய பழைய வார்ப்பில் வெல்டிங் குமிழ் விட்டுப் பொரியும். சூட்டில் பெயாரிங் இருக்கைகளும் கோணக்கூடும். எஞ்சினைப் பிரித்து, வெறும் உறையை நன்றாகக் கழுவிச் சூடாக்கிய பின்னரே ஒட்டச் சம்மதிக்கும் பட்டறையைத் தேடுங்கள். வண்டியில் இருக்கும்படியே ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்த பின்னர் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் நாள் இரவு எஞ்சினின் கீழே ஒரு பழைய பத்திரிகைத் தாளை விரித்துவிட்டு, காலையில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நட்டின் தலையிலிருந்து உறை வரை வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அது அசைந்தால் ஒரு பார்வையிலேயே தெரியும். 50 கிலோமீற்றர் ஓடிய பின்னர் கோட்டையும் ஒயில் மட்டத்தையும் பார்க்க வேண்டும். கோடு நேராக இருந்தால் நட்டில் கை வைக்க வேண்டாம். 300 கிலோமீற்றரில் ஒயிலை மீண்டும் மாற்றி, வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். மினுக்கம் இல்லையென்றால் இனி வழமையான தவணைக்கே ஒயில் மாற்றலாம்.